யாருக்குக் கொடுத்தால் இலவசம்?

2012 மார்ச்சில் சங்கரன்கோவிலில் ஒரு இடைத்தேர்தல் நடந்தது. தொகுதி எம்.எல்.ஏ.வும் அமைச்சருமான கருப்பசாமி 2011 அக்டோபரில் மறைந்ததால் வந்த தேர்தல். விலையில்லா ஆடு மாடு, மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று திட்டங்கள் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னொரு பக்கம் மணிக்கணக்கில் மின்வெட்டு. விசைத்தறி ஊரில் கரண்ட் இல்லையென்றால் கூலி இல்லை. மிக்சி சரி, அதைப் போட கரண்ட் எங்கே என்ற கேலி தமிழ்நாடு முழுக்க ஓடியது. ஆனாலும் அதிமுக 68 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது.

உடனே படித்தவர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்... ஜனங்கள் இலவசத்துக்கு விலை போய்விட்டார்கள் என்று! இன்று வரை அதே பேச்சுதான்.

சரி, அந்தப் பேச்சைக் கொஞ்சம் கணக்கு நோட்டில் வைத்துப் பார்ப்போம். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் பெறுமானமுள்ள பை ஒன்றைச் சும்மா கொடுக்கிறார். இன்னொருவருக்கு பில்லில் 100 ரூபாய் தள்ளுபடி செய்கிறார். வருஷக் கடைசியில் இரண்டுமே லாபத்தில் 100 ரூபாய் குறைக்கும். முதல் ஆள் ஓசி வாங்கியவர், இரண்டாம் ஆள் மரியாதையான கஸ்டமர் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதுவதில்லை.

அரசாங்கக் கணக்கிலும் அப்படித்தான். செலவு செய்தாலும், வரவேண்டிய வரியை விட்டுக்கொடுத்தாலும் பற்றாக்குறை ஒரே அளவுதான் கூடும். ஆனால் கட்சிகள் வைக்கும் பெயர் மட்டும் மாறும்.

2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு விரைவுச்சாலைத் திறப்பு விழாவில் பிரதமர் மோடி, இலவசம் கொடுத்து ஓட்டு வாங்குவதை 'ரேவடி' கலாச்சாரம் என்றார். ரேவடி என்பது வடநாட்டு எள் மிட்டாய். சமூகநலத் திட்டங்களை இலவசம் என்று சொல்லக்கூடாது என்று திமுக உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியது. ஆனால் 2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைத்தபோது, வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று மத்திய அரசே சொன்னது. அதற்கு யாரும் மிட்டாய்ப் பெயர் வைக்கவில்லை. 'சீர்திருத்தம்' என்றார்கள்.

2025 பட்ஜெட்டையும் பார்க்கலாம். 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்று அறிவிப்பு. அந்த வருமானம் உள்ளவருக்கு வருஷத்துக்கு 80 ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று நிதியமைச்சரே கணக்குச் சொன்னார். 2023-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில் ஒரு குடும்பத் தலைவிக்கு வருஷத்துக்குக் கிடைப்பது 12 ஆயிரம். இதில் எது பெரிய மிட்டாய்?

"அது அவன் சம்பாதித்த பணம், அவனிடமே விடுகிறார்கள்" என்று பதில் வரும். நியாயமான பதில்தான், தள்ளிவிட முடியாது. ஆனால் தறிக்கூலி வாங்குபவரும் வரி கட்டுகிறவர்தான். 2017 ஜூலையிலிருந்து 2025 செப்டம்பர் வரை சோப்புக்கும் தேங்காயெண்ணெய் அல்லாத தலை எண்ணெய்க்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்குப் பிறகுதான் 5 ஆனது. வரிப்பணம் என்றாலே வருமான வரி மட்டும்தான் என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ!

இன்னொன்று, மத்திய அரசு வருமான வரியைக் குறைத்தால் மாநிலங்களின் பங்கும் சேர்ந்து குறையும். 2025 அறிவிப்பில் சுமார் ஒரு லட்சம் கோடி இழப்பு. அதில் மாநிலங்களின் பங்கு 41 சதவீதம், அதற்குள் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் 1,600 கோடிக்கு மேல் வருகிறது. டெல்லியில் கைதட்டல், பாதிப் பில் சென்னைக்கும் மற்ற தலைநகரங்களுக்கும்!

இதைச் சொல்வதால் மாநிலக் கட்சிகள் எல்லாம் யோக்கியம் என்று அர்த்தமில்லை. 2021 ஆகஸ்டில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், மாநிலக் கடன் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று இருந்தது. அதற்கு ஐந்தே மாதம் முன்புதான் இரண்டு பெரிய கட்சிகளும் போட்டி போட்டு, ஒருவர் மாதம் 1,000, இன்னொருவர் 1,500 என்று வாக்குறுதி கொடுத்திருந்தார்கள். பணம் எங்கிருந்து வரும் என்று இருவருமே விளக்கமாகச் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு திட்டம் வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவும் 'தகுதியுள்ள' என்ற வார்த்தையோடு.

விசைத்தறிக்கு இலவச மின்சாரமும் இப்படித்தான் ஏலம் போனது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்று 2006-ல் திமுக, 750 என்று 2016-ல் அதிமுக, 1000 என்று 2023-ல் மறுபடி திமுக. மிக்சியைக் கேலி செய்தவர்களில் தறி வைத்திருந்தவர்கள் இந்த யூனிட்டை மட்டும் 'இலவசம்' என்று சொல்லிக் கேட்டதே இல்லை. தொழிலுக்கு ஊக்கம் என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், அது இல்லாமல் பல தறிகள் நின்றிருக்கும்.

2022 அக்டோபரில் தேர்தல் ஆணையம் ஒரு யோசனை சொன்னது. வாக்குறுதிக்கு எவ்வளவு செலவு, பணம் எப்படி வரும் என்று கட்சிகள் ஒரு படிவத்தில் எழுதித் தரவேண்டும் என்று. காங்கிரஸ் உட்படப் பல கட்சிகள் எதிர்த்தன. எதிர்த்திருக்க வேண்டாம். வரியைக் குறைப்பேன் என்கிறவரும் அதே படிவத்தை, அதே கட்டத்தில் நிரப்பவேண்டும் என்று கேட்டிருக்கலாம்.