வங்கியின் கணக்கில் யார் மாணவர்?

2024 நவம்பர் 6 அன்று ‘பிரதமர் வித்யாலட்சுமி’ கல்விக் கடன் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பணமில்லாமை யாருடைய உயர்கல்விக்கும் தடையாக இருக்கக் கூடாது என்பதே இத்திட்டத்தின் நோக்கம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் கிடைக்கும். ஏழரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு அரசு 75 சதவீத உத்தரவாதம் தரும். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்து மாணவருக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில், தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. இந்த மானியம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மட்டுமே. ஏழு ஆண்டுகளுக்குமாக ஒதுக்கப்பட்ட தொகை 3,600 கோடி ரூபாய்.

‘யாருடைய’ என்ற சொல் பெரியது. அதற்குள் அடங்குவோர் எத்தனை பேர் என்று பார்த்தால் அது சுருங்கிவிடுகிறது. தேசியத் தரவரிசைப் பட்டியலில் முதல் நூறு இடங்களுக்குள் வரும் நிறுவனங்கள், 101 முதல் 200 வரையுள்ள மாநில அரசு நிறுவனங்கள், ஒன்றிய அரசின் நிறுவனங்கள் ஆகியவற்றில் இடம் பெற்றவர்களே இக்கடனுக்குத் தகுதி உடையவர்கள். தொடக்கத்தில் 860 நிறுவனங்கள், 22 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் என்பது அரசே தந்த கணக்கு. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி பயில்வோர் ஏறத்தாழ 4 கோடியே 33 லட்சம். அதாவது இருபது பேரில் ஒருவருக்குத்தான் இந்தக் கதவு திறந்திருக்கிறது. கடன் தேவைப்படுவது மாணவருக்கு. தகுதி பார்க்கப்படுவதோ கல்லூரிக்கு. முதல் தலைமுறையினரைச் சேர்த்துக்கொண்டு, நிரந்தர ஆசிரியர்கள் போதாமல் தடுமாறும் மாவட்டத் தலைநகரத்து அரசுக் கல்லூரி அந்தப் பட்டியலை எட்டுவது எளிதன்று. அரசின் பாராமுகத்தால் அந்தக் கல்லூரி பின்தங்குகிறது. அதற்கான தண்டனை அங்கே படிக்கும் மாணவருக்கு!

இவற்றினும் குறைவாகப் பேசப்படும் கோடு ஒன்று உண்டு. முழுநேர மாணவரையும் பகுதிநேர மாணவரையும் பிரிப்பது அது. பெரும்பாலான பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடன் விதிகள் ‘முழுநேர’, ‘ரெகுலர்’ படிப்புக்கே இடம் தருகின்றன. அஞ்சல்வழிப் படிப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. விதிவிலக்கு இல்லாமல் இல்லை. பெயர்பெற்ற சில மேலாண்மைக் கழகங்களில் பகுதிநேரம் படிக்கும் அதிகாரிகளுக்குக் கடன் தர முன்வரும் வங்கிகள் உண்டு. ஆகவே பகுதிநேரம் என்பது வங்கிக்கு உண்மையான தடை அன்று. படிப்பவர் யார் என்பதுதான் அதன் கேள்வி.

யார் அவர்கள்? பகலெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் செல்லும் பெண். மும்பையின் இரவுக் கல்லூரியில் அமரும் தொழிலாளி. திருமணத்தால் படிப்பை விட்டு, பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் புத்தகத்தை எடுத்தவர். தொலைநிலைக் கல்வியில் மட்டும் 2021-22இல் ஏறத்தாழ 45 லட்சத்து 70 ஆயிரம் பேர் பதிவு செய்திருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 21 லட்சம் பேர் பெண்கள். வித்யாலட்சுமி கணக்கில் வரும் 22 லட்சத்தைப் போல் இது இருமடங்கு. இவர்களில் மிகப் பலர் முழுநேரம் படிக்க வசதி இல்லாததாலேயே இந்த வழிக்கு வந்தவர்கள். வசதி இல்லை என்பதே இங்கே தகுதியின்மை ஆகிறது.

அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. பட்டம் இணையானது, அதைப் பெறும் மாணவர் மட்டும் இணையானவர் அல்லர் போலும். புதிய கல்விக் கொள்கையோ, படிப்பை இடையில் விட்டு மீண்டும் சேரலாம் என்பதைப் பெரிய சலுகையாகப் பேசுகிறது. இடையில் விட்டவர் கைச்செலவுக்கு என்ன செய்வார் என்பதற்கு அதில் விடை இல்லை.

‘தொலைநிலைப் படிப்பின் கட்டணம் குறைவுதானே, அதற்குக் கடன் எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஏழரை லட்சத்தோடு ஒப்பிட்டால் அது சிறு தொகைதான். நாட்கூலி பெறுபவருக்கு அப்படியன்று. தேர்வுக் கட்டணம், செய்முறை வகுப்புக்கான பயணம், தேர்வு நாட்களில் இழக்கும் கூலி ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் வரும்போது அவர் அடகுக் கடைக்கோ நுண்கடன் நிறுவனத்துக்கோ போகிறார். முழுநேர மாணவர் கல்விக் கடனைப் படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு கட்டத் தொடங்கலாம். நுண்கடன் வாங்கியவரோ முதல் பாடநூலைப் பிரிப்பதற்குள் முதல் தவணையைக் கட்டியாக வேண்டும்.

அப்படியானால் கல்விக் கடனைப் பகுதிநேர மாணவருக்கும் விரிவுபடுத்தினால் போதுமா? அமெரிக்காவில் பாதிநேரமாவது படிப்பவருக்குக் கூட்டரசுக் கடன் கிடைக்கிறது. அந்த அளவுக்கும் கீழே இறங்கினால் ஆறு மாத அவகாசத்துக்குப் பின் தவணை தொடங்கிவிடும். தகுதி விதியில் அது இந்தியாவைவிடத் தாராளம்தான். ஆனால் அங்கே கூட்டரசு மாணவர் கடன் ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. கடனை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுவது கல்வி உரிமை ஆகாது.

இந்தியாவிலும் பாதை அதுவே. 2017இல் கனரா வங்கியோடு சேர்ந்து உயர்கல்வி நிதி முகமை தொடங்கப்பட்டதிலிருந்து, கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் ஒன்றிய நிறுவனங்கள் மானியத்துக்குப் பதில் கடன் வாங்கத் தூண்டப்படுகின்றன. நிறுவனத்தின் கடன் கட்டணமாகிறது. கட்டணம் மாணவரின் கடனாகிறது. அந்தக் கடனுக்கும் வங்கி பெற்றோரின் முகத்தைப் பார்க்கிறது. மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023 மே மாதத்தில் கேரள உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

எனவே முதல் கோரிக்கை உதவித்தொகையைப் பற்றியதாக இருக்க வேண்டும். கல்லூரி மாணவருக்கான ஒன்றிய அரசின் உதவித்தொகை ஆண்டுக்கு 82,000 புதிய மாணவருக்கு, இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாயாக வழங்கப்படுகிறது. அதிலும் அஞ்சல்வழி, தொலைநிலை மாணவருக்கு இடமில்லை. வங்கி லாபம் பார்க்கிறது என்று சொல்லலாம். இங்கே அதே கோட்டை அரசு தன் கையாலேயே கிழித்திருக்கிறது. இவ்விதியை நீக்க எந்த வங்கியின் சம்மதமும் தேவையில்லை. குறைந்த வருமானமுள்ள பகுதிநேர மாணவருக்குக் கட்டண விலக்கும், இடைக்கால ஏற்பாடாக வட்டியில்லாச் சிறு கடனும் கேட்பதும் நடைமுறைக்கு அப்பாற்பட்டதல்ல.

இயக்கத்துக்குள்ளும் ஒரு குறை இருக்கிறது. மாணவர் அமைப்பு பகலில் வளாகத்தில் இயங்குகிறது. இரவு வகுப்புக்கு வருபவரை அது அரிதாகவே சந்திக்கிறது. தொழிற்சங்கம் அவரைத் தொழிலாளியாக அறியும். அவர் பையில் பாடநூல் இருப்பதை அறியாது. கூலி, போனஸ் பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துடன் கூடிய தேர்வு விடுப்பு எத்தனை இடங்களில் இடம்பெறுகிறது? மாணவர் அமைப்பும் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒவ்வொரு நகரத்திலும் மாலைக் கல்லூரி, தொலைநிலை மையங்களின் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று கணக்கெடுத்தால், பட்ஜெட்டுக்கு முன் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுக்க வேண்டிய கோரிக்கை மனு அங்கேயே எழுதப்பட்டுவிடும்.