விலை சொல்பவனே வாங்குபவன்

மணவூர் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். டி.வி. இப்போது சோறு போடுவதில்லை. பழைய வீடியோ கேம்களை வாங்கி, சரிசெய்து விற்பதில்தான் கடை வாடகை தேறுகிறது. ஆகவே இங்கே நான் எழுதப்போவது என் பிழைப்புக்கே கொஞ்சம் இடைஞ்சல்தான். பரவாயில்லை.

போன ஆடிக் கிருத்திகை வாரம். திருத்தணிக்குப் போகிற காவடிக் கூட்டம் ஒரு பிளாட்பாரத்தை அடைத்துக்கொண்டு நிற்க, எதிர்ப்பக்கம் அரக்கோணத்திலிருந்து வந்த லோக்கலில் ஒரு பெரியவர் கோணிப்பையோடு இறங்கினார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். பையை என் மேஜை மேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்குவதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, ஒரு மாரியோ கேம் பதினோரு கோடிக்குப் போச்சாமே?"

போனது உண்மைதான். 2021 ஜூலையில் ஹெரிடேஜ் என்ற அமெரிக்க ஏல நிறுவனத்தில், 1996-ல் வந்த 'சூப்பர் மாரியோ 64' ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் அது உறை பிரிக்காத பெட்டி. பத்துக்கு 9.8 என்று தரச்சான்று போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்தது. யாரும் ஒரு தடவைகூட ஆடாத ஆட்டம். பெரியவர் பையில் இருந்த வீடியோ கேம் கேசட்டுகளோ, தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் வாயால் ஊதி ஊதி மாட்டியவை. ஊதினால் தூசி போகும் என்று நாம் எல்லோரும் நம்பினோம். போனது தூசியில்லை, எச்சில் ஈரத்தில் பின்தான் கறுத்துப்போனது.

ஒரு கேசட்டை அவர் கண்முன்னாலேயே பிரித்தேன். நிண்டெண்டோ ஒரிஜினல் என்றால் உள்ளே பெரும்பாலும் கால் வைத்த, எழுத்து அச்சடித்த சிப்புகள் இருக்கும். இதில் பச்சைப் பலகை நடுவே தார் சொட்டினது போல ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். மேலே '9999 இன் 1' என்று ஸ்டிக்கர். இருபது ஆட்டம் இருந்தால் அதிகம். அதையே வேகத்தை மாற்றி, ஸ்டேஜை மாற்றித் திரும்பத் திரும்ப எண்ணியிருப்பான். தொண்ணூறுகளில் நம் ஊரில் ஓடினதெல்லாம் பெரும்பாலும் இந்த நகல் சரக்குதான். வயசு முப்பது ஆனதால் இதற்கு விலை ஏறிவிடாது. ஓடினால் ஒரு விலை, ஓடாவிட்டால் பிளாஸ்டிக் எடைக்கு. இணையத்தில் ஒருவர் இதையே இருபதாயிரம் என்று போட்டிருப்பார். அது அவர் கேட்கிற விலை. போன விலை வேண்டுமென்றால் ஈபேயில் விற்று முடிந்தவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். யாரும் அதைச் செய்வதில்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த எனக்கு நடுவில் நாக்கு தடுக்கியது. காரணம் பழைய கணக்கு ஒன்று.

சில வருஷங்களுக்கு முன் நகரி பக்கத்திலிருந்து ஓர் அக்கா பெட்டியோடு ஒரு மெஷின் கொண்டுவந்தார். சாமுராய். நிண்டெண்டோவின் உரிமத்தோடு இந்தியாவில் விற்ற மெஷின் அது. பாதி விலைக்கு நகல் கிடைத்த ஊரில் அதை வாங்கியவர்கள் குறைவு, அட்டைப்பெட்டியைப் பத்திரப்படுத்தியவர்கள் அதைவிடக் குறைவு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்நூறு ரூபாய் கொடுத்தேன். "நல்ல விலைதானா தம்பி?" என்றார். "இதுக்கு மேல யாரும் தரமாட்டாங்கக்கா" என்றேன். அடுத்த மாதம் சென்னையில் ஒருவர் அதை ஒன்பதாயிரத்துக்கு வாங்கிக்கொண்டார்.

அதில் பொய் ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்ல என்னைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை என்பதுதான் விஷயம். பேங்கில் நகைக்கடன் வாங்கப் போனால் மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்துத் தரம் சொல்கிறார். நகையை அவர் வாங்கிக்கொள்வதில்லை. தங்கத்துக்கு அன்றன்றைய விலை பேப்பரிலும் வருகிறது. பழைய வீடியோ கேமுக்கு இங்கே இரண்டும் கிடையாது. பெரிய இடத்திலும் இதே சிக்கல்தான்: அந்த 9.8 மார்க் போட்ட வாட்டா என்ற நிறுவனம் சந்தையை ஊதிப் பெருக்கிவிட்டது என்று குற்றம்சாட்டி 2022-ல் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். கோடியில் நடந்தால் வழக்கு. முந்நூறு ரூபாயில் நடந்தால் அதற்குப் பெயர் வியாபார சாமர்த்தியம்.

இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் இரண்டு விலை சொல்ல வேண்டும் என்கிறேன்: நான் என்ன விலை தருவேன், நான் என்ன விலைக்கு விற்பேன். நடுவில் இருக்கிற வித்தியாசம் என் கூலி, என் ரிஸ்க். அதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? சென்னை ரிச்சி தெருவில் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்புறம் ஏன்டா கடை, கோயில் உண்டியல் வெச்சுடு" என்றார். அப்படிச் சொல்லி எனக்கு ஒன்றும் மூழ்கிவிடவில்லை. சிலர் திரும்பப் போகிறார்கள். திரும்ப வருகிறவர்கள் தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பெரியவர் பைக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 2 (பி.எஸ். 2) ஒன்று இருந்தது. உலகம் முழுக்கப் பதினாறு கோடி விற்ற மெஷின், அபூர்வம் இல்லை, லென்ஸும் சோர்ந்திருந்தது. மார்க்கரில் பெயர் எழுதிய டிஸ்க்குகள் நாற்பது, அவற்றுக்குப் பூஜ்யம். அடியில், கவரோடு ஓர் ஒரிஜினல் டிஸ்க். 'ஹனுமான்: பாய் வாரியர்'. 2009-ல் ஹைதராபாத்தில் செய்து பி.எஸ். 2-க்கு வந்த ஆட்டம். ஆட்டமாகச் சுமார்தான். ஆனால் முழுக்க இந்தியாவிலேயே செய்த கன்சோல் கேம் என்று தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"சார், இந்தப் பையில விலை போறது இது ஒண்ணுதான்" என்றேன். நான் தருவது, நான் விற்பது, இரண்டையும் சொன்னேன். மற்றதெல்லாம் சேர்த்து எழுநூறு.

எழுநூறை எண்ணி வாங்கிக்கொண்டார். டிஸ்க்கை எடுத்து, கவரில் இருந்த படத்தை வேட்டி நுனியால் துடைத்தார். "அனுமார் படத்தைப் போய் வித்தேன்னு தெரிஞ்சா வீட்ல திட்டுவாங்க" என்று சட்டைக்குள் செருகிக்கொண்டு, அடுத்த லோக்கலைப் பிடிக்கக் கிளம்பினார்.