கடன் மட்டும் வாரிசுக்கா?

ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குப் போயிருந்தேன். ஆற்றங்கரையில் பழைய நண்பரின் மனைவியைப் பார்த்தேன். கணவருக்குத் தர்ப்பணம் கொடுக்க மகனோடு வந்திருந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்ன சங்கதியைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

நண்பர் எல்லாச் செலவையும் கிரெடிட் கார்டில் செய்தவர். அதில் விமானப் பயணப் புள்ளிகள் நிறையச் சேர்ந்திருந்தன. "சிங்கப்பூரில் இருக்கிற மகளைப் பார்க்க உனக்கு இதிலேயே டிக்கெட் எடுத்துரலாம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் விசாரித்தபோது, "உறுப்பினர் இறந்தால் புள்ளிகள் ரத்து" என்று பதில் வந்தது. அதே கார்டில் நின்ற பாக்கியை மட்டும் கறாராக வசூலித்துவிட்டார்கள்.

இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து அவர் கடனை அடைப்பது நியாயம்தான். அப்படியானால் அவருக்கு வரவேண்டியதும் வாரிசுக்குத்தானே வரவேண்டும்?

"புள்ளி உங்கள் சொத்தல்ல, நாங்கள் தரும் சலுகை" என்கிறார்கள். 2020-ல் கொரோனாவில் விமானங்கள் முடங்கியபோது, அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் தன் 'மைலேஜ்பிளஸ்' புள்ளித் திட்டத்தையே ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் திரட்டியது. அவர்கள் அடகு வைக்கும்போது சொத்து, விதவை கேட்டால் வெறும் சலுகையா?

மனசிருந்தால் வழியும் உண்டு. ஜப்பானில் ஏ.என்.ஏ., ஜப்பான் ஏர்லைன்ஸ் இரண்டுமே, குறிப்பிட்ட கெடுவுக்குள் ஆவணங்களோடு கேட்டால் வாரிசுக்கு மாற்றித் தருகின்றன. நம் வங்கிகளில் 10 வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. அதன் பிறகும் வாரிசு கேட்டால் கிடைக்கும். அவ்வளவு ஏன், தீபாவளிச் சீட்டுக் கட்டியவர் நடுவில் இறந்துபோனால், கட்டிய பணத்தை வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்காத கடைக்காரரை ஏரல் கடைத்தெருவில் மனுஷனாக மதிப்பார்களா?

"அவர் பாஸ்வேர்டைப் போட்டு யாருக்கும் தெரியாமல் டிக்கெட் எடுத்துவிடுங்கள்" என்று சிலர் யோசனை சொன்னார்களாம். புருஷன் சேர்த்து வைத்ததைப் பெண்டாட்டி திருட்டுத்தனமாகவா எடுக்க வேண்டும்?

வங்கிக் கணக்குக்கு இருப்பதுபோல் புள்ளிக்கும் நாமினி வேண்டும். அரசு இதைச் சட்டமாக்க வேண்டும். அதுவரை நம் வயசுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன்: புள்ளியைப் பூட்டி வைக்காதீர்கள். இன்றைக்கே டிக்கெட் எடுங்கள், வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.