தண்டனைக்கு முன்னால் ஒரு வயது

2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் ஒரு மாணவியைக் கூட்டு வல்லுறவு செய்து சிதைத்த ஆறு பேரில் ஒருவனுக்கு 18 வயது நிறையச் சில மாதங்களே பாக்கி. சிறார்களுக்கான சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு இருந்துவிட்டு 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தபோது நாடு கொதித்தது. அதே மாதம் நாடாளுமன்றம் புதிய சிறார் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. கொடுங்குற்றம் செய்த 16 முதல் 18 வயதினரை, உரிய ஆய்வுக்குப் பின், பெரியவர்களைப் போல விசாரிக்கலாம் என்றது அது.

அன்று தொட்டு விவாதம் முழுக்க, எந்த வயதில் தண்டிப்பது என்பதில்தான். எந்த வயதில், எதனால் ஒரு பையன் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறான் என்ற கேள்விதான் முதலில் எழுந்திருக்க வேண்டும்.

அதற்கு விடை தேடியவர்கள் உண்டு. 2013இல் வெளியான ஐ.நா. ஆய்வுக்காக இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட ஆறு நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட ஆண்களிடமே கேட்டார்கள். வல்லுறவு செய்ததாக ஒப்புக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பதின்ம வயதிலேயே அதைத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் அதிகம் சொன்ன காரணம், ஆணுக்கு அந்த உரிமை உண்டு என்ற நினைப்பு.

அந்த நினைப்புக்கு வீட்டிலும் கைப்பேசியிலும் தீனி கிடைக்கிறது. அமெரிக்க இளையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், முதல் பாலியல் அத்துமீறல் சராசரியாக 15, 16 வயதில் நடந்திருந்தது. பெற்றோருக்குள் நடக்கும் அடிதடியைப் பார்த்து வளர்வதும், வன்முறை கலந்த ஆபாசப் படங்களும் அதனோடு வலுவாகப் பிணைந்திருந்தன. பள்ளியும் விலக்கல்ல. சக மாணவனை மிரட்டுவது, “பொம்பளை மாதிரி நடக்கிறான்” என்ற ரீதியில் கேலி செய்வது எனத் தொடங்குபவர்கள் பின்னாளில் பாலியல் சீண்டலுக்கு நகர்வதை இல்லினாய் பள்ளி ஆய்வுகள் காட்டின. ஆசிரியர்கள் ‘விளையாட்டு’ என்று விட்டுவிடும் கேலிதான் அது.

ஆனால், வீட்டில் அடிதடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் சீண்டுவதில்லை. அவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது இன்னொரு கொடுமை.

தவறியவர்களும் திருந்துகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பாலியல் குற்றத்துக்காகப் பிடிபட்ட சிறார்களில் மறுபடியும் அதே குற்றத்தில் சிக்கியவர்கள் சராசரியாக 5 சதவீதத்துக்கும் குறைவு.

தடுக்கும் வழிகளும் சோதித்துப் பார்க்கப்பட்டவைதான். மும்பையில் ‘பரிவர்த்தன்’ திட்டம் கிரிக்கெட் பயிற்சியாளர்களை இதற்குத் தயார்படுத்தியது. பெண்களை மதிப்பது பற்றி அவர்கள் மைதானத்தில் பேசியபின், பையன்களின் எண்ணம் சமத்துவத்தின் பக்கம் நகர்ந்தது. நியூயார்க்கின் நடுநிலைப் பள்ளிகளில் மாணவர்களிடமே பள்ளியின் வரைபடத்தைக் கொடுத்து, பயம் தரும் இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். அந்த இடங்களில் கண்காணிப்பைக் கூட்டி, அத்துமீறலுக்கான விதிகளையும் தெளிவாக்கினார்கள். பாலியல் சீண்டல் குறைந்தது. வகுப்பறைப் பாடம் மட்டும் நடந்த பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

இதைச் செய்ய எந்தச் சட்டத்திருத்தமும் வேண்டியதில்லை. மாடிப்படிக்கு அடியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், சைக்கிள் நிறுத்துமிடத்தில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அடுத்த கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே ஒரு தலைமையாசிரியர் அவர்கள் கையில் வரைபடத்தைக் கொடுக்கலாம். அவர்கள் குறித்துக் காட்டும் இடத்தில் இடைவேளை தோறும் ஓர் ஆசிரியரை நிற்கச் சொல்லலாம்.