பளபளக்கும் பெயரா, பயன்படும் பாடமா?

பொறியியல் கலந்தாய்வில் சில ஆண்டுகளாக முதலில் நிரம்புவது கணினி அறிவியலும் அதன் கிளைப் பிரிவுகளும்தான். கலை, அறிவியல் கல்லூரிகளிலும் பி.எஸ்சி. கணினி அறிவியலுக்கும் பி.சி.ஏ.வுக்கும் கடும் போட்டி. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் வட சென்னையும் இதற்கு விலக்கல்ல. மீன்பிடித் துறைமுகத்திலும் டயர் தொழிற்சாலையிலும் அனல் மின் நிலைய ஒப்பந்தப் பணியிலும் உழைத்துத் தேய்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகக் கணினி வகுப்புக்குள் நுழைகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்தது இந்த வாசலை இன்னும் அகலமாக்கியது.

வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், இடம் வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதிகூட, உள்ளே போனபின் எந்தப் பாடத்தில் கருத்தூன்றுவது என்பதில் காட்டப்படுவதில்லை. வீட்டில் சொல்ல ஆளில்லை. கல்லூரியில் சொல்வதற்கு நேரமில்லை. விளைவு, முதலாம் ஆண்டிலேயே மாணவர் விளம்பரத்தின் பின்னால் போகிறார். அலைடு கணிதத்தில் பாஸ் மார்க் வந்தால் போதும் என்று விட்டுவிட்டு, கடன் வாங்கிய காசில் மூன்று மாத ‘ஃபுல் ஸ்டாக்’ சான்றிதழ் வகுப்பில் சேர்கிறார். கடைசியில் கையில் ஒரு சான்றிதழும் கணக்கில் ஓர் அரியரும் மிஞ்சுகின்றன.

முதல் இரண்டு ஆண்டுகள் அடிப்படைப் பாடங்களுக்கே உரியவை என்பது நம் உறுதியான கருத்து. தனிநிலைக் கணிதம், புள்ளியியல், தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், தரவுத்தளம், வலையமைப்பு ஆகியவற்றில் கால் ஊன்றாத மாணவருக்கு எந்தப் புதுப்பெயர்ப் பாடமும் கைகொடுக்காது.

கணினித் துறையில் பெயர்கள் வருவதும் போவதும் புதிதல்ல. 1990-களின் கடைசியில், 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிழையான ‘ஒய்2கே’யைச் சொல்லி மெயின்ஃபிரேம், கோபால் (COBOL) நிரல்மொழி வகுப்புகள் நடந்தன. 2000 பிறந்ததும் அந்த அலை ஓய்ந்தது. பின்னர் ஃபிளாஷ் அனிமேஷன் கற்க இளைஞர்கள் முண்டியடித்தார்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயருக்கு மூடுவிழா நடத்திவிட்டது. மறுபுறம், எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட மிகக் குறுகிய வழி காணும் முறை இன்றும் வரைபடச் செயலிகளின் அடிப்படைகளில் ஒன்று. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த தரவுத்தளக் கோட்பாட்டின் மீதுதான் இன்றும் பல வங்கிகளின் கணக்குகள் நிற்கின்றன. வயதானாலும் தேயாத சரக்கு எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த அடிப்படை வெறும் தேர்வுக்கான ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு எண்ணூர் விரைவுச் சாலையே சாட்சி. துறைமுகத்துக்குள் நுழைய வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் ஒவ்வொன்றின் கன்டெய்னரிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட அடையாள எண் உண்டு. அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு தரப்பட்டிருக்கிறது. முதல் பத்து இடங்களின் மதிப்புகளை முறையே 1, 2, 4, 8 என 512 வரை பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள். கேட்டில் நிற்கும் ஊழியர் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் கணினி பெரும்பாலும் உடனே கண்டுபிடித்துவிடும். முதலாம் ஆண்டு மாணவர் “இது எதற்கு சார்?” என்று கேட்கும் மீதி வகுத்தல் கணக்கு, அவர் வீட்டு வாசலைத் தாண்டி நாள்தோறும் லாரியில் போய்க்கொண்டிருக்கிறது.

புள்ளியியலுக்கும் இதே கதைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறியபடி வீட்டைவிட்டு ஓடினார்கள். இத்தகைய விபத்துகள் நேரும் இப்பகுதியில், மணலியில் காற்றின் தரத்தை இடைவிடாது அளக்கும் நிலையம் இருக்கிறது; அளவீடுகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. அவற்றில் விடுபட்ட மணிநேரங்கள் எவை, கருவிக் கோளாறு எது, உண்மையான உயர்வு எது என்று பிரித்தறியப் புள்ளியியல் வேண்டும். இந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்தத் திறன் வேலைக்கும் உதவும். ஊருக்காகப் பேசவும் உதவும்.

“நிறுவனங்கள் புதிய தொழில்நுட்பத்தைத்தானே கேட்கின்றன? உடனே சம்பாதிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளையிடம் அடிப்படை பற்றி உபதேசம் செய்யலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால், வளாக நேர்காணலின் முதல் சுற்றில் வடிகட்டுவது கணக்கும் தர்க்கமும் எளிய நிரல் எழுதும் திறனும்தான். அதைத் தாண்டினால் தரவுக் கட்டமைப்பும் தரவுத்தளமும் கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவே நேரியல் இயற்கணிதத்தின் மீதும் நிகழ்தகவின் மீதும் எழுந்ததுதான். புதிய கருவிகளை மூன்றாம் ஆண்டில் பழகிக்கொள்ளலாம். வசதியுள்ள வீட்டு மாணவர் தவறான வகுப்பில் பணத்தைத் தொலைத்தால் இன்னொன்றில் சேர்ந்துகொள்வார். வலை பின்னும் தாயின் சேமிப்பில் படிப்பவருக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. அதனால்தான் இவருக்கு அடிப்படை இன்னும் அவசியமாகிறது.

மாணவருக்கு அறிவுரை சொல்வதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறை, கணினிப் பிரிவுக்கான விருப்பப் பாடங்களை டேட்டா சயின்ஸ், கிளவுட், சைபர் செக்யூரிட்டி எனப் பல வரிசைகளாக விரித்து வைத்தது. ஏட்டில் இது தாராளமானது. நடைமுறையில் பல கல்லூரிகளில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம்தான். எச்.ஓ.டி. அறையில் முடிவாகி, வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பாக வருகிறது. 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ. சேர்க்கை உச்சவரம்பைத் தளர்த்தியதால் கணினி இருக்கைகள் பெருகின. ஆசிரியர் எண்ணிக்கையும் அதே வேகத்தில் கூடாவிட்டால் விருப்பப் பாடம் சடங்காகவே இருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் இணையவழிக் கல்வித் தளத்தில் படித்து கிரெடிட் பெற 2021-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதி இடம் தருகிறது. அத்தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். தேர்வுக்கு மட்டுமே கட்டணம். பலவற்றின் பாட உரை தமிழிலும் உண்டு. கல்லூரிகள் இவற்றை முறையாக ஏற்று, தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே செலுத்த வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி ஆகிய மூன்றும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை; ஒன்றுக்கொன்று வெகு தூரமில்லை. ஒரு கல்லூரியில் ஆசிரியர் இல்லாத விருப்பப் பாடத்தை இன்னொன்றின் ஆசிரியர் நடத்தப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்யலாம். 2022-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம், புதிய கருவிகளோடு கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் தமிழ்வழி இணைப்பு வகுப்புகளையும் முதல் செமஸ்டரிலேயே தர வேண்டும். துறைமுகமும் ஆலைகளும் இப்பகுதிக் கல்லூரிகளோடு சேர்ந்து, சரக்குப் போக்குவரத்து, தொழிற்சாலைப் பாதுகாப்புத் தரவு ஆகியவற்றில் ஆளுக்கொரு விருப்பப் பாடத்தை வடிவமைக்கட்டும். இந்த மண்ணின் காற்றையும் கடலையும் பயன்படுத்தியவர்கள் அதன் பிள்ளைகளுக்குச் செய்யும் குறைந்தபட்சக் கைம்மாறு அது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பாடத்தின் தலைப்பைப் பார்க்காதீர்கள், முதலில் பாடத்திட்டத்தின் ஐந்து யூனிட்டுகளையும் படியுங்கள். மேல் வகுப்பு அக்காவையும் அண்ணனையும் கேளுங்கள். ஒரு பாடம் ஏன் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது என்று துறைத் தலைவரிடம் மரியாதையோடு கேளுங்கள். பதில் சொல்வது கல்லூரியின் கடமை.