உழவுக்கு முன்பே உறுதி வேண்டும்

ஆந்திரப் பிரதேசத்தின் பிரகாசம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையின் முதல் தூறல்களோடு புகையிலைக்கான நிலத் தயாரிப்பு தொடங்கிவிடுகிறது. கொண்டபி, டங்குடூர் வட்டாரங்களின் நிலங்கள் கோடையிலேயே ஆழ உழப்பட்டு வெயிலில் காயும். மழை பெய்த பின் இரண்டு மூன்று முறை மறுபடியும் உழுது, தொழுவுரம் இட்டு, கட்டி உடைத்துச் சமப்படுத்தி, அக்டோபர், நவம்பர் மாத நடவுக்கு ஆயத்தமாக்குகின்றனர். விலை தெரிவதோ நடவு முடிந்து பல மாதங்கள் கழிந்து, ஏலக்களத்தில். செலவு முழுவதும் முன்னே, விலை முழுவதும் பின்னே. புகையிலை விவசாயியின் நெருக்கடியைப் பற்றிய எந்த விவாதமும் இந்த இடைவெளியிலிருந்து தொடங்க வேண்டும்.

வர்ஜீனியா புகையிலை மற்றப் பயிர்களைப் போன்றதன்று. வளமான நிலம் இதற்கு ஆகாது. மெலிந்த மண்ணே உகந்தது. தழைச்சத்து மிகுந்தால் இலை தடித்துக் கருத்துப் பழுக்கத் தாமதிக்கும். வணிகர் அதைத் தொடமாட்டார். மண்ணிலோ நீரிலோ குளோரைடு கூடினால் உலர்ந்த இலை சரிவர எரியாது. (திண்டுக்கல் வட்டாரத்தில் உவர்க்கிணற்று நீரிலும் விளையும் மெல்லும் புகையிலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கும்.) இதனால் மற்றப் பயிர்களுக்கு இடும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷை இதற்கு இட முடியாது, விலை கூடிய சல்பேட் ஆஃப் பொட்டாஷைத்தான் வாங்க வேண்டும். பொட்டாஷுக்கு இந்தியா இறக்குமதியையே நம்பியிருப்பதால், எங்கோ ஒரு நாட்டில் போர் மூண்டால் டங்குடூரில் உரவிலை ஏறுகிறது.

நாற்றங்கால் வேலை இதைவிட நுட்பமானது. ஒரு கிராம் புகையிலை விதையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். அவற்றை மேட்டுப்பாத்திகளில் சீராகத் தூவி, வைக்கோல் பரப்பி, பூவாளியால் ஒரு நாளில் பலமுறை நீர் தெளித்துக் காக்க வேண்டும். ஒருநாள் பெருமழை பெய்தால் நாற்றழுகல் நோய் பாத்தி பாத்தியாக அழித்துவிடும். களையெடுப்பது, நாற்றுப் பறிப்பது, நடுவது எல்லாம் பெரும்பாலும் பெண் தொழிலாளர்களின் உழைப்பு. வயலில் மற்றொரு பகையும் உண்டு. தமிழ்நாட்டு உழவர்கள் புகையிலைக் காளான் என்று அழைக்கும் ஒட்டுண்ணி, புகையிலையின் வேரை உறிஞ்சி வாழ்வது. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, புகையிலை நட்டவுடன் முளைக்கும்.

இந்த நிலங்களுக்குப் புகையிலை தானாக வந்து சேரவில்லை. இந்தியப் புகையிலை இலை வளர்ச்சிக் கம்பெனி 1912இல் பிரிட்டிஷ் மூலதனத்தின் இலைத் தேவைக்காக அமைக்கப்பட்டது. குண்டூரை மையமாகக் கொண்டு வர்ஜீனியா வகை பரப்பப்பட்டது. முதலில் கரிசல் மண்ணில் வேரூன்றிய பயிர், வாங்குவோர் நாடிய மணமும் நிறமும் கொண்ட இலைக்காகப் பின்னர் பிரகாசம், நெல்லூர் மாவட்டங்களின் இலேசான மண்ணுக்கும், கர்நாடகத்தின் உன்சூர், பிரியாபட்டணா வட்டாரங்களுக்கும் நகர்த்தப்பட்டது. எந்த மண்ணில் எந்த இலை என்பதை வாங்குவோரின் தேவையே முடிவு செய்தது. விடுதலைக்குப் பிறகு அரசு இதே வழியில் நடந்தது. 1975ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த புகையிலை வாரியம் இன்றும் வேளாண் அமைச்சகத்தின்கீழ் இல்லை. வணிக அமைச்சகத்தின்கீழ் இருக்கிறது. ஒன்றிய அரசின் கண்ணில் இது முதலில் ஏற்றுமதிச் சரக்கு. உழவனின் பயிர் என்பது அடுத்ததுதான்.

நிலத்தை ஆயத்தம் செய்யும் கட்டத்தில் யார் எதைச் சுமக்கிறார் என்று பார்க்க வேண்டும். பிரகாசத்தில் புகையிலை பயிரிடுவோரில் கணிசமானோர் குத்தகை விவசாயிகள். நிலத்துக்குக் குத்தகை முன்பணம், டிராக்டர் வாடகை, உரம், நாற்று, கூலி. இவற்றோடு, அப்பகுதியில் பார்ன் எனப்படும் உலர்த்துக் கூடத்துக்கும் தனி வாடகை. வாரியத்தின் பதிவும் உரிமமும் பெரும்பாலும் கூடத்தின் உடைமையாளர் பெயரில் இருக்கின்றன. ஆகவே வங்கிக் கடனும், வாரியம் ஏற்பாடு செய்யும் உரமும் அவர் பெயருக்கே போகின்றன. உழுபவனுக்கு மிஞ்சுவது தனியார் கடன், அதன் வட்டி. பயிரிடுவோர் உரிமை அட்டை வழங்குவதற்கென 2019இல் ஆந்திர அரசு கொண்டுவந்த சட்டமோ நில உடைமையாளரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. கையெழுத்திட மறுக்கும் உடைமையாளரை எந்தக் குத்தகைதாரர் வற்புறுத்த முடியும்? ‘அடுத்த ஆண்டு நிலம் இல்லை’ என்ற ஒரே சொல்லில் விவகாரம் முடிந்துவிடும்.

ஏலக்களத்தில் விலை சரிந்த 2015ஆம் ஆண்டில் பிரகாசம் மாவட்டத்துப் புகையிலை விவசாயிகள் பலர் தற்கொலை செய்துகொண்டனர். அதற்குப் பின்னும் அமைப்பு மாறவில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் 22 பயிர்களில் புகையிலை இல்லை. வர்ஜீனியாவுக்காவது வாரியத்தின் ஏலம் என்ற ஓர் ஏற்பாடு உண்டு. பர்லி வகைக்கு அதுவும் கிடையாது. முந்தைய ஆண்டின் விலையை நம்பி குண்டூர், பாபட்லா, பிரகாசம் மாவட்டங்களில் பர்லி பரப்பு பெருகியது. 2025இல் வணிகர்களும் நிறுவனங்களும் கைவிரித்தபோது, போராட்டங்களுக்குப் பிறகு மாநில அரசு மார்க்ஃபெட் வழியாகக் கொள்முதல் செய்ய நேர்ந்தது. அடுத்த பருவத்தில் இவ்வகையைப் பயிரிட வேண்டாம் என்ற அறிவிப்பும் வந்தது. பயிரிடாவிட்டால் எதை விதைப்பது, அதை யார் என்ன விலைக்கு வாங்குவது என்ற கேள்விகளுக்கு விடை வரவில்லை.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. அதன் 17ஆவது பிரிவு, புகையிலை விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் பொருளாதார அளவில் தாக்குப்பிடிக்கும் மாற்று வழிகளை ஊக்குவிக்கக் கோருகிறது. 2015-16 முதல் பயிர் மாற்றத் திட்டம் புகையிலை மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாற்றுப் பயிர் இல்லை என்பதும் உண்மையன்று: செம்மண்ணில் துவரை விளைகிறது, கரிசலில் கொண்டைக்கடலை விளைகிறது. பிரகாசத்து விவசாயிகள் புகையிலையை விட்டுக் கொண்டைக்கடலைக்கு மாறியும் பார்த்தனர். விலை வீழ்ந்தபோது விளைச்சல் குளிர்பதனக் கிடங்குகளில் தேங்கியது. துவரை இறக்குமதிக்கான கட்டுப்பாட்டை ஒன்றிய அரசு 2021 மே மாதத்தில் அகற்றியது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணி இறக்குமதிக்கு வரி நீக்கப்பட்டது. கடலை மாவுக்கு அது போட்டி. ஆதரவு விலைத் திட்டத்தில் கொண்டைக்கடலைக் கொள்முதலுக்கு மொத்த விளைச்சலில் 25 விழுக்காடு என்ற வரம்பு வேறு. ஒரு கையால் மாற்றுப் பயிரைக் காட்டி, மறு கையால் அதன் சந்தையை இறக்குமதிக்குத் திறந்துவிடுவதற்குப் பெயர் பயிர் மாற்றத் திட்டம்!

ஒரு நியாயமான கேள்வி கட்சி அணிகளுக்குள்ளேயே எழுகிறது. உயிரைக் குடிக்கும் பொருளுக்கு விலை கேட்டுப் போராடலாமா? இலையை உலர்த்த ஆண்டுதோறும் எவ்வளவு விறகு எரிகிறது? இக்கேள்விகளை ஒதுக்கித் தள்ளுவது தவறு. ஈர இலையைத் தொடும் தொழிலாளியின் தோல் வழியாகவே நிகோடின் ஏறி வாந்தியும் தலைச்சுற்றலும் உண்டாவது மருத்துவம் பதிவு செய்துள்ள நோய். ஆயினும், இந்தப் பயிரால் பெருந்தொகை ஈட்டுவோர் இரு தரப்பினர்: சிகரெட் நிறுவனங்கள் ஒன்று, பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் அச்சிடச் செய்து, அதே பெட்டியிலிருந்து வரியும் வசூலிக்கும் ஒன்றிய அரசு மற்றொன்று. பயிரைக் குறைப்பதற்கான செலவை இவ்விரு தரப்பினரும் ஏற்க வேண்டும். கடனில் உழுதவனின் தலையில் ஏற்றலாகாது. வேறு பயிருக்குக் கொள்முதல் உறுதி கிடைக்கும்வரை விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்பதும், அந்த உறுதியைக் கேட்பதும் ஒரே போராட்டம்தான்.

இதுவரை கிளர்ச்சிகள் பெரும்பாலும் ஏலக்களத்து வாயிலில், பொதிகள் விலைபோகாமல் திரும்பும்போதே நடந்துள்ளன. அப்போது வாங்குவோரின் கை ஓங்கியிருக்கும். விவசாயியின் கையிலோ கெட்டுப்போகும் சரக்கு. உழவு தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் கோரிக்கைகள் எழ வேண்டும். வாரியத்தின் பதிவு உழுபவர் பெயரில் இருக்க வேண்டும். உடைமையாளரின் கையெழுத்தின்றிக் குத்தகை விவசாயிக்கு வங்கிக் கடன் வழங்க வேண்டும். கோடை உழவுக்கு முன்பே துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் கொள்முதல் அளவையும் விலையையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவற்றுக்கு மாறுவோருக்கு முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஏக்கர் அடிப்படையில் புகையிலை வரியிலிருந்து ஈட்டுத்தொகை தர வேண்டும். நாற்றங்கால் முதல் இலை தரம்பிரிப்பு வரை உழைக்கும் பெண்களுக்குச் சட்டப்படியான கூலியும் கையுறையும் வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை துண்டறிக்கைகளில் வழக்கமாக இறுதி வரியாகச் சுருங்கிவிடுகிறது. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூடி நடத்தும் கிராமக் கூட்டங்களில் அதை முதலில் பேசுவது நல்லது.

நாற்றங்காலில் விதை விழுவது ஆகஸ்டு, செப்டம்பரில். அதற்கு முன் ஊர் ஊராகச் சென்று, யார் நிலத்தை யார் உழுகிறார், என்ன குத்தகைக்கு, எவரிடம் என்ன வட்டிக்குக் கடன் என்ற கணக்கெடுப்பைச் சங்கக் கிளைகள் முடித்து, அந்தப் பட்டியலை வாரியத்தின் ஏலமைய அலுவலகத்திலும் வட்டாட்சியரிடமும் கொடுக்க வேண்டும்.