மோட்டாரை நிறுத்தலாம்... முனிசிபாலிட்டியை நிறுத்த முடியுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஏதோ ஒரு இரும்பு உருக்காலை. கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்க ராத்திரியில் புகை வடிகட்டியை அணைத்துவிட்டு உலையை மட்டும் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துப் பொறியாளர் வருகிறார், பார்க்கிறார், நோட்டீஸ் கொடுக்கிறார். ஆலை திருந்தவில்லையா? காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவு இருக்கிறது. ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லலாம். தண்ணீரைக் கெடுத்தால் இதே அதிகாரம் தண்ணீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் இருக்கிறது. 1987, 1988 திருத்தங்களில் வந்த பிரிவுகள் இவை. முதலாளிகள் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல, இந்தத் துண்டிப்புக்குத்தான்.

இப்போது அடுத்த காட்சி. ஊர்க் கால்வாய் ஒன்று ஏரியில் போய் விழுகிறது. அதில் வருவது ஆலைக் கழிவு இல்லை, ஊராரின் கழிப்பறைத் தண்ணீர். கால்வாயைக் கட்டியது உள்ளாட்சி. பில் பாஸ் செய்தது உள்ளாட்சி. இதுவும் அதே தண்ணீர்ச் சட்டப்படி குற்றம்தான். சரி, யாருடைய மின்சாரத்தைத் துண்டிப்பது? தெருவிளக்கையா? குடிநீர் மோட்டாரையா? முனிசிபாலிட்டிக்குப் பூட்டுப் போட முடியுமா?

முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஊரில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை!

ஆள் இல்லாத நாற்காலி

சாக்கடை, குப்பை, மழைநீர்க் கால்வாய், சாலை, சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் உள்ளாட்சியின் பொதுப்பணிகள். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுச்சூழல் விதி உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்றால் அதை நிறுவ ஒரு இசைவு, இயக்க ஒரு இசைவு, காலம் முடிந்தால் புதுப்பிப்பு. வெளியே விடும் தண்ணீரில் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு. குப்பைக்கு 2000-ல் ஒரு விதி, 2016-ல் இன்னொரு விதி. இடித்த கட்டட இடிபாட்டுக்கு 2016-ல் தனி விதி. செப்டிக் டேங்க் லாரிக்கு உரிமம். பட்டியல் நீளும்.

கேள்வி ஒன்றுதான். ஒரு சராசரி நகராட்சியில் இதையெல்லாம் பார்ப்பதையே முழுநேர வேலையாகக் கொண்ட ஆள் யார்?

கமிஷனர் என்பார்கள். அவருக்கு வரி வசூலிலிருந்து வார்டு தகராறு வரை ஆயிரம் வேலை. நகராட்சிப் பொறியாளர் என்பார்கள். அவர் டெண்டருக்கும் எஸ்டிமேட்டுக்கும் நடுவில் நிற்கிறார். துப்புரவு ஆய்வாளர் என்பார்கள். பாவம், விடிவதற்கு முன்பே வண்டி வந்ததா, ஆள் வந்தாரா என்று ஓடுகிற மனிதர் அவர். எல்லோருக்கும் 'கூடுதல் பொறுப்பு'. பத்துப் பேருக்குக் கூடுதல் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பு இல்லை என்று அர்த்தம். இசைவு காலாவதியானால் யாராவது ஒரு கன்சல்டன்டைப் பிடித்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஃபைல் சுத்தமாகிவிடும். தண்ணீர்?

அமெரிக்காவில் நகராட்சிப் பொதுப்பணித் துறைகளுக்குள்ளேயே விதிகளைக் கவனிப்பதற்கென்று தனி ஊழியர்கள் இருக்கிறார்கள். காரணம் அவர்கள் பெரிய உத்தமர்கள் என்பதல்ல. அங்கே ஆற்றில் கழிவுநீரை விட ஆலைக்கு எப்படி அனுமதிச்சீட்டு வேண்டுமோ அப்படியே நகரத்துக்கும் வேண்டும். பரிசோதனை அறிக்கையில் நகரத்தின் உயர் அதிகாரியோ அவர் முறைப்படி நியமித்த ஆளோ, 'பொய் என்றால் தண்டனை உண்டு என்று தெரிந்தே கையெழுத்திடுகிறேன்' என்று எழுதிக் கையொப்பம் போட வேண்டும். மீறினால் சாதாரணக் குடிமகனே கோர்ட்டுக்குப் போகலாம். பாஸ்டன் துறைமுகத்தில் சாக்கடை கலந்ததற்கு 1982-ல் வழக்குப் போட்டது பக்கத்து நகரமான குவின்சி. அதன் பிறகு மத்திய அரசின் அமைப்பும் கோர்ட்டுக்கு வந்தது. ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் தலைக்கு மேல் நின்றது. டியர் தீவில் பிரம்மாண்டமான புதிய சுத்திகரிப்பு நிலையம் எழும்பியது. பயம் இருந்தது, வேலை நடந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

திருவள்ளூர் ஏன்?

இந்தக் கேள்வியைத் திருவள்ளூர் மாவட்டத்தில் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் போகிறது. பூண்டி இங்கேதான். சோழவரம் இங்கேதான். கிருஷ்ணா தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் நுழைவது ஊத்துக்கோட்டை அருகே. 2020-ல் திறந்த கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது, கொள்ளளவு அரை டி.எம்.சி. அதே தேர்வாய்கண்டிகை பெயரில் ஒரு சிப்காட்டும் இருக்கிறது. ஒரே ஊர்ப்பெயரில் ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் குடிநீர்! சென்னை நாறுகிறது என்று எல்லோரும் மூக்கைப் பிடிக்கும் கூவம் ஆறுகூடப் பிறப்பது இந்த மாவட்டத்தில்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு, ரசாயனம், வார்ப்படம் என்று எல்லாம் உண்டு. மற்ற ஊர் ஆலைகளின் அபாயகரமான கழிவுகளைக் கொண்டுவந்து பதப்படுத்திப் புதைக்கும் வளாகமும் அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்கும் லைன் வீடுகள். கணக்கெடுப்பு ஏட்டில் உள்ள ஜனத்தொகை வேறு, செப்டிக் டேங்க் நிரம்பும் வேகம் வேறு. அந்த டேங்க் லாரி ராத்திரி எங்கே போய்க் கொட்டுகிறது? இந்திய முறைப்படி பி.ஓ.டி. பரிசோதனைக்கே 3 நாள் ஆகும். ரிசல்ட் வரும்போது லாரி இன்னும் பத்து லோடு அடித்திருக்கும். அதனால் கொட்டுகிற இடத்தில், கொட்டுகிற நேரத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும்.

கால்வாயின் கதை இன்னும் வேடிக்கை. தொழிற்பேட்டைக்குள் இருக்கும் வரை அது சிப்காட் கால்வாய். வெளியே வந்தால் ஊராட்சியுடையது. சாலையைக் கடக்கும் கல்வெர்ட் நெடுஞ்சாலைத் துறையுடையது. ஏரியைத் தொட்டதும் நீர்வளத் துறை. பொதுப்பணித் துறையிலிருந்து 2021-ல் பிரிந்த பிறகு ஏரிகள் இவர்களிடம். ஏரி கறுத்துப் போனால் நான்கு அலுவலகமும் கைகாட்டுவது பக்கத்து அலுவலகத்தை. தண்ணீருக்கு எல்லைக்கல் தெரியாது. அது பாட்டுக்குக் கிழக்கே பழவேற்காடு பக்கம் சாய்ந்து ஓடுகிறது. கடைசியில் இறாலும் மீனும் நம்பி வலை போடுகிறவர் தலையில் விடிகிறது.

அரசே அழுக்காக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாவட்டத்தில் பெரிய உதாரணம் உண்டு. அத்திப்பட்டு பக்கம் வட சென்னை அனல் மின் நிலையம், மாநில அரசின் மின் நிறுவனத்துடையது. அதன் சாம்பல் குழாய்கள் ஒழுகி ஒழுகிக் கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும் சாம்பல் சேறாயின. ஒரு நாள் விபத்தல்ல, ஆண்டுக்கணக்கில்! மீனவர்கள் போராடினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஒரு தனியார் ஆலை இப்படிச் செய்திருந்தால் எத்தனை நாள் விட்டிருப்பார்கள்?

சட்டம் இருக்கிறது, பல் எங்கே?

சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். 1974-ம் ஆண்டு தண்ணீர்ச் சட்டத்தின் 48-வது பிரிவு, அரசுத் துறை குற்றம் செய்தால் துறைத் தலைவரே குற்றவாளி என்றது. நகராட்சி அரசுத் துறை ஆகாதே என்று கர்நாடகத்தில் ஒரு வழக்கு நழுவியபோது, உச்ச நீதிமன்றம் 2019-ல் பிடித்து நிறுத்தியது. நகராட்சி துறை இல்லை என்றால் அது ஒரு சட்டப்பூர்வ நிறுவனம், கம்பெனிக்குரிய 47-வது பிரிவு அதற்குப் பொருந்தும் என்றது. 2017-ல் அதே நீதிமன்றம் உள்ளாட்சிகளின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு 3 ஆண்டுக் கெடு வைத்தது. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம், கெடு தாண்டினால் ஒரு சாக்கடைக்கு மாதம் 5 லட்சம், ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதம் 10 லட்சம் இழப்பீடு என்றது.

நடந்தது என்ன? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கையைப் பாருங்கள். நாட்டின் நகரங்களில் ஒரு நாளைக்கு உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். நூறு குடத்தில் எழுபத்திரண்டு குடம் அப்படியே ஆற்றுக்கும் ஏரிக்கும் போகிறது. கட்டி வைத்த நிலையங்களின் கொள்ளளவோ 3,184 கோடி. அதாவது கட்டியதைக்கூட முழுசாக ஓட்டவில்லை! கட்டுவதற்கு டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஓட்டுவதற்கு எந்த விழா உண்டு?

அபராதத்தையும் யோசியுங்கள். நகராட்சி கட்டும் 5 லட்சம் யார் வீட்டுப் பணம்? அந்தச் சாக்கடை நாற்றத்தில் மூச்சு விடுகிறவரின் வீட்டு வரி. குற்றம் செய்தவர் ஒருவர், தண்டம் கட்டுகிறவர் பாதிக்கப்பட்டவர். இதில் யாருக்கு வலிக்கும்?

2024-ல் தண்ணீர்ச் சட்டத்தை இன்னும் இளக்கினார்கள். முன்பு தண்ணீரைக் கெடுத்தால் ஒன்றரை ஆண்டு முதல் 6 ஆண்டு வரை சிறை. திருத்தத்தில் அது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதமானது. அரசுத் துறைத் தலைவருக்கோ ஒரு மாத அடிப்படைச் சம்பளம்! முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்கு. மற்ற மாநிலங்கள் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டால் அங்கும் வரும். ஒரு ஏரியின் விலை ஒரு மாதச் சம்பளம் என்றால் ஏரி ரொம்ப மலிவு.

என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு நகராட்சியிலும், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டை ஊர்களிலும் ஒரு சுற்றுச்சூழல் விதிப் பொறுப்பாளர் வேண்டும். கன்சல்டன்ட் அல்ல, கூடுதல் பொறுப்பு அல்ல. சுற்றுச்சூழல் பொறியியலோ வேதியியலோ படித்த முழுநேர அரசு ஊழியர். அவருக்கு மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்.

முதலாவது, கையெழுத்து. சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் கான்ட்ராக்டரின் பில், அவர் கையெழுத்து இல்லாமல் பாஸ் ஆகக்கூடாது. ஆலைக்கு மின்சாரம் எப்படி உயிர்நாடியோ கான்ட்ராக்டருக்கு பில் அப்படி. இரண்டாவது, பாதுகாப்பு. உண்மையை எழுதிய மறுவாரம் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிக்கக்கூடாது. குறைந்தது 3 ஆண்டு அதே ஊரில் இருக்க வேண்டும், அறிக்கை நகராட்சித் தலைவருக்கு மட்டும் இல்லாமல் வாரியத்துக்கும் நேராகப் போக வேண்டும். மூன்றாவது, கரும்பலகை. மாதாமாதம் தண்ணீர்ப் பரிசோதனை முடிவு தமிழில், அலுவலக வாசலில், வரம்பு இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று எழுதிப் போட வேண்டும்.

உடனே எதிர்ப்பு வரும். காசு இல்லை என்பார்கள். ஒரு சாக்கடைக்கு மாதம் 5 லட்சம் இழப்பீட்டோடு ஒரு பொறியாளரின் சம்பளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். வாரியம்தான் இருக்கிறதே என்பார்கள். வாரியம் வெளியிலிருந்து வரும் போலீஸ். வீட்டுக்குள்ளே ஒரு பெரியவர் இல்லாத குடும்பத்தைப் போலீஸ் திருத்த முடியாது. லஞ்சம் வாங்க இன்னொரு கை நீளும் என்பார்கள். இந்த ஒரு வாதத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் கரும்பலகை. வாசலில் எழுதியிருக்கும் எண்ணையும் கண்முன்னே ஓடும் கறுப்புத் தண்ணீரையும் ஒப்பிட ஊராருக்குத் தெரியும். ஜனங்களே குப்பை போடுகிறார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தின் ஏரேட்டரை அணைத்து வைப்பது ஜனங்கள் இல்லையே?

ஊருக்கு உபதேசம் செய்கிறவர் தன் வீட்டுக் கொல்லையைப் பார்க்க வேண்டும். ஆலைக்காரனிடம் சட்டம் பேசும் அரசு, தன் கால்வாய்க்கும் அதே சட்டத்தை வைக்கும் வரை அந்தப் பேச்சுக்கு மரியாதை கிடையாது.

படிக்கிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் உங்கள் நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ ஒரு மனு போடுங்கள். மூன்றே கேள்வி. உங்கள் கால்வாய் எந்த நீர்நிலையில் முடிகிறது? அந்தத் தண்ணீரைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி என்ன? அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவி என்ன? ஊராட்சியில் இருக்கிறவர்கள் மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் எழுந்து நின்று இதையே கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு எத்தனை ஊரிலிருந்து ஒழுங்கான பதில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.